காவல் யார் கையில்?

தியாகதுருகத்திலிருந்து தோழர் ஒருவர் சென்ற வாரம் என்னைத் தேடி வந்திருந்தார். கூட்டம் என்றால் கொடி கட்டுவதற்கு முதல் ஆளாக நிற்பவர். கூட்டம் கலைந்தபின் விரித்த பாயைச் சுருட்டிவைக்கக் கடைசி ஆளாக நிற்பவர். பதவி கேட்டறியாதவர். இரண்டு ஏக்கர் கரும்பு, இரண்டு கறவை மாடு. அவருடைய உடைமை அவ்வளவே. அவருடைய மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணிதத்தில் நல்ல மதிப்பெண்.

"அண்ணே! பிள்ளை ஒரு படிப்புப் பெயரைச் சொல்கிறாள். கணிப்பொறிக்கும், கணிப்பொறிகளை இணைக்கும் வலைப்பின்னலுக்கும் காவல் காக்கிற படிப்பாம். கம்ப்யூட்டர் படிப்பு தெரியும். அதில் காவல் படிப்பு என்று ஒன்று உண்டா? ஊரிலே சிலர், 'அது பூட்டை உடைக்கக் கற்றுக்கொடுக்கிற படிப்பு, பெண்பிள்ளைக்கு வேண்டாம்' என்கிறார்கள். இன்னொருவர் வீடு தேடி வந்து, 'கல்லூரியே வேண்டாம், ஆறு மாதம் போதும், சான்றிதழ் கையிலே, சம்பளம் பையிலே' என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார். மாட்டை விற்றால்தான் அந்தப் பணம் வரும். எதை நம்புவது?"

அவர் கேட்டது ஒரு குடும்பத்தின் கேள்விதான். ஆனால் இரவெல்லாம் அதை எண்ணிப் பார்த்தபோது, நாடு தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதனுள் அடங்கியிருப்பது புலப்பட்டது. ஆகவே அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் அனைவருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பெட்டி மாறியது, காவல் மாறியதா?

நம் பாட்டன் காலத்தில் பணம் இரும்புப் பெட்டியில் இருந்தது. நிலத்தின் பத்திரம் மரப்பெட்டியில் இருந்தது. கணக்கு, கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் இருந்தது. இன்று எங்கே இருக்கின்றன? ஆலைக்குக் கரும்பு வெட்டிப் போட்டவனுக்கு வரவேண்டிய தொகை வங்கிக் கணக்கிலே எண்ணாக வந்து விழுகிறது. பட்டாவும் சிட்டாவும் கணிப்பொறியில் இருக்கின்றன. நியாயவிலைக் கடை அட்டை, முதியோர் உதவித்தொகை, மாணவனின் மதிப்பெண், மருத்துவமனைச் சீட்டு எல்லாமே கணிப்பொறியைப் போய்ச் சேர்ந்துவிட்டன. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து உதவித்தொகை பெறுகிற மூதாட்டியின் விரல் ரேகைகூட ஏதோ ஒரு நகரத்தில், ஏதோ ஒரு கட்டடத்தில், ஏதோ ஒரு பெட்டியில் இருக்கிறது.

பெட்டி மாறிவிட்டது. கள்ளனும் அதற்கேற்ப மாறிக்கொண்டான். கன்னக்கோல் எடுத்துக்கொண்டு நள்ளிரவில் வருவதை விட்டுவிட்டு, பட்டப்பகலில் தொலைபேசியில் வருகிறான். "நான் வங்கி அதிகாரி பேசுகிறேன்" என்கிறான், "நான் போலீசு அதிகாரி பேசுகிறேன்" என்கிறான். 2024ஆம் ஆண்டில் மட்டும் இந்தியா முழுவதும் இத்தகைய மோசடிகளில் மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய்க்கு மேல் என்று நடுவண் அரசு பாராளுமன்றத்தில் கணக்குச் சொன்னது. அதற்கு முந்திய ஆண்டு இழப்பு ஏறத்தாழ 7,465 கோடி. ஓராண்டில் மூன்று மடங்கு! எந்த விளைச்சல் இந்த நாட்டிலே ஓராண்டில் மூன்று மடங்காகிறது? கள்ளனின் விளைச்சல் ஆகிறது!

பெட்டி மாறியதற்கு ஏற்பவும் கள்ளன் மாறியதற்கு ஏற்பவும் காவல் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

மூன்று பாடங்கள்

முதல் நிகழ்ச்சி வங்காளதேசத்தில் நடந்தது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அந்நாட்டு மத்திய வங்கியின் கணிப்பொறிகளுக்குள் நுழைந்தவர்கள், நியூயார்க்கில் அந்த வங்கிக்கு இருந்த கணக்கிலிருந்து 95 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை மாற்றும்படி ஆணைகள் அனுப்பினார்கள். பெரும்பகுதி தடுக்கப்பட்டது. 8 கோடியே 10 இலட்சம் டாலர் பிலிப்பைன்சுக்குப் போய்ச் சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் மீண்டது. எதனால் மீண்டது தெரியுமா? பணம் பெறும் அமைப்பின் பெயரில் கள்ளர்கள் ஓர் ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதிவிட்டார்கள். அந்தப் பிழை வங்கி ஊழியரின் ஐயத்தைக் கிளப்பியது! ஒரு நாட்டின் கருவூலத்தைக் காத்தது கள்ளனின் எழுத்துப்பிழை! பின்னர் விசாரித்த அதிகாரி ஒருவர் சொன்னது இன்னும் வேதனையானது. அந்த வங்கியின் வலைப்பின்னலில் தடுப்புச் சுவர் இல்லை. பத்து டாலர் விலையில் வாங்கிய பழைய இணைப்புக் கருவிகள் பயன்பட்டன. கோடிகளைக் காக்கச் சில நூறு ரூபாய்க் கருவி! அதை வாங்கியவனுக்கும், வாங்கலாம் என்று கையொப்பமிட்டவனுக்கும், அது எதற்கு உதவாது என்று எடுத்துச் சொல்லக் கற்றவன் ஒருவன் பக்கத்தில் இல்லை.

இரண்டாவது நிகழ்ச்சி தில்லியில் நடந்தது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், நாட்டின் தலைசிறந்த அரசு மருத்துவமனையான எய்ம்ஸ், தன் கணிப்பொறிகளை இழந்தது. வெளியிலிருந்து நுழைந்தவர்கள் அங்கிருந்த தகவல்களை எவரும் படிக்க இயலாதபடி பூட்டிவிட்டார்கள். இரண்டு வார அளவுக்கு மருத்துவர்கள் தாளும் பேனாவும் கொண்டு வேலை செய்தார்கள். நோயாளிகள் வரிசையில் வாடினார்கள். காரணம் என்ன என்று பாராளுமன்றத்தில் கேட்டபோது, வலைப்பின்னல் முறையாகப் பகுக்கப்படாமையே என்று விடை வந்தது. இது புரியாத செய்தி அன்று. நம் வீட்டில் திண்ணை உண்டு, கூடம் உண்டு, நெற்குதிர் வைத்த உள்ளறை உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு உண்டு. திண்ணை வரை வந்தவன் நெற்குதிர் வரை போக முடியாது. அந்த மருத்துவமனையின் கணிப்பொறி வீட்டில் திண்ணைக்கும் நெற்குதிருக்கும் நடுவே கதவு சரியாக இல்லை.

மூன்றாவது, நம் தமிழகத்திலேயே நடந்தது. 2019ஆம் ஆண்டு கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணிப்பொறி ஒன்றில் தீய நிரல் புகுந்த செய்தி வெளிவந்தது. அக்டோபர் 29ஆம் நாள் நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. மறுநாளே அணுமின் கழகம், நிரல் புகுந்தது உண்மைதான் என்றது. செப்டம்பர் 4ஆம் நாளே தனக்கு அறிவிக்கப்பட்டதையும் ஒப்புக்கொண்டது. புகுந்தது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு தொடர்புடைய கணிப்பொறியில்தான் என்றும், உலையை இயக்கும் வலைப்பின்னல் அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டது என்றும் விளக்கம் தந்தது. நல்லது, இங்கே உள்கதவு இருந்தது. ஆனால் முதல் நாள் மறுப்பு எதற்கு? "எங்கள் கோட்டைக்குள் எவரும் வர முடியாது" என்று சொல்லிவிட்டால் கோட்டை உறுதியாகிவிடுமா?

பழைய கருவி, கதவில்லாத வீடு, உண்மைக்கு முந்திய மறுப்பு. மூன்றிலும் குறைந்தது ஒன்றே: கற்றறிந்த காவலரும், அவர் சொல்லைக் கேட்கும் பண்பும். தோழரின் மகள் படிக்க விரும்புவது அந்தக் காவலர் ஆவதற்கான படிப்பைத்தான்.

பாறையைப் பாருங்கள்

தியாகதுருகத்தைக் கடந்து போனவர்களுக்கு அந்தப் பாறைக் குன்றும் அதன்மேல் உள்ள கோட்டையும் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மைசூர்ப் படையினரும் மாறி மாறி மோதிய கோட்டை அது. 1790இல் திப்பு சுல்தானின் படை வந்து தாக்கியபோது கோட்டை விழவில்லை. அந்தக் கோட்டையின் வலிமை எதில் இருந்தது? மறைந்திருந்ததிலா? நெடுந்தொலைவிலிருந்தே எவனும் காணலாம். மதில் எங்கே, வாயில் எங்கே என்று பகைவனுக்கும் தெரியும். தெரிந்தும் ஏற முடியவில்லை என்பதல்லவா அதன் வலிமை!

இதே உண்மையைக் கணிப்பொறிக் காவலின் முதல் விதியாக எழுதியவர் ஒரு மொழியாசிரியர் என்பதைக் கேட்டால் வியப்படைவீர்கள். ஒகுஸ்த் கெர்க்காப்சு என்பது அவர் பெயர். நெதர்லாந்தில் பிறந்து பாரிசில் ஜெர்மன் மொழி கற்பித்தவர். 1883ஆம் ஆண்டு, இராணுவ இரகசிய எழுத்து முறைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் நிலைநாட்டிய கருத்து இது: முறை பகைவன் கைக்குப் போனாலும் கேடு வரக்கூடாது, சாவி ஒன்றுதான் இரகசியமாக இருக்க வேண்டும். பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதை ஊரே அறியட்டும்; அறிந்தும் சாவியில்லாமல் திறக்க முடியாவிட்டால்தான் அது பூட்டு. செய்முறையை மறைத்துவைத்துத்தான் காக்க முடியும் என்றால், அந்தப் பூட்டு பூட்டே அன்று, பூச்சாண்டி!

இதன் அரசியலை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! "இந்த அறிவு எங்களுக்கு மட்டும், உங்களுக்குத் தெரிந்தால் ஆபத்து" என்று சொல்லிச் சொல்லியே தலைமுறை தலைமுறையாகக் கல்விக்கூடத்தின் வாயிலைச் சாத்தி வைத்திருந்தார்கள். நூற்றைம்பது ஆண்டு அளவுக்கு வளர்ந்த இந்தக் காவற்கலை நேர் எதிரான முடிவுக்கு வந்திருக்கிறது. பலர் அறிந்து, பலர் சோதித்து, பலர் குறை கண்டு திருத்திய பூட்டுதான் உறுதியான பூட்டு. அறிவு பரவினால் காவல் வளரும். காவல் அறிவு பொது அறிவாக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த வந்த செய்தி.

இன்று வங்கியில் பணம் அனுப்பும்போதும் கடிதத்தைப் பாதுகாக்கும்போதும் உலகம் நம்பியிருக்கும் பூட்டுகளுள் ஒன்றை 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்னும் மூவர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உருவாக்கினார்கள். அதன் செய்முறை எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த விடையை மட்டும் கொடுத்து, எந்த இரண்டைப் பெருக்கினாய் என்று கேட்டால் உலகின் பெரிய கணிப்பொறியும் திணறும். 600 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணை எடுத்துக்கொண்டால், நமக்குத் தெரிந்த வழிகளில் அதைப் பிரிக்க இயலாது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் படித்த பகா எண், கோடிகளுக்குக் காவல் நிற்கிறது!

பகா எண்ணைப் பற்றி இன்னொரு செய்தி. ஓர் எண் பகா எண்தானா என்பதை ஐயத்துக்கு இடமின்றி விரைவாகக் கண்டறியும் வழி உண்டா என்பது கணித உலகில் நீண்டகாலக் கேள்வி. 2002ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அதற்கு விடை கண்டவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர். பின்னவர் இருவரும் அவ்வாண்டுதான் இளநிலைப் பட்டம் முடித்த மாணவர்கள்! அரசு நடத்தும் கல்விக்கூடத்தில், நல்ல ஆசிரியரின் துணையோடு, இளைஞர்கள் எதைச் செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

திருட்டுக் கற்பிக்கும் படிப்பா?

இனி, ஊரார் எழுப்பும் ஐயத்துக்கு வருவோம். பூட்டைத் திறக்கும் வழியைக் கற்றவன் கள்ளனாக மாட்டானா என்கிறார்கள். ஐயம் நேர்மையானது, நேர்மையான விடையும் உண்டு.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் இராபர்ட் மாரிஸ், தானே பரவும் சிறு நிரல் ஒன்றை வலைப்பின்னலில் விட்டார். அவர் எண்ணியதைக் காட்டிலும் வேகமாக அது பரவியது. ஏறத்தாழ 6,000 கணிப்பொறிகள் தாக்கப்பட்டன என்பது அக்கால மதிப்பீடு. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் தவித்தன. அந்த நிரல் புகுந்த வழிகளுள் ஒன்று என்ன தெரியுமா? ஒரு படி பிடிக்கும் பாத்திரத்தில் இரண்டு படி அரிசியைக் கொட்டினால் வழிந்து பக்கத்துப் பாத்திரத்தில் விழும் அல்லவா? அதுபோல, இவ்வளவுதான் கொள்ளும் என்று அளந்து பாராமல் வாங்கிக்கொள்ளும் நிரலுக்குள் அளவுக்கு மீறிக் கொட்டி, வழிந்த பகுதியைக் கட்டளையாக மாற்றிவிட்டது. இன்னொரு வழி, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்கள்.

மாரிசை நீதிமன்றம் குற்றவாளி என்றது. 1990இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்ட அபராதமும் விதித்தது. பிற்காலத்தில் அதே மனிதர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார். அந்நிகழ்ச்சியின் பின்னர் அமெரிக்க நாடு கணிப்பொறிப் படிப்பை மூடிவிடவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், ஆபத்து நேரும்போது உதவிக்கு ஓடிவரும் அவசரக் குழுவை அமைத்தது. பல்கலைக்கழகத்தில் பிறந்த தீங்குக்கு மருந்தையும் பல்கலைக்கழகத்திலேயே தேடினார்கள்.

நஞ்சு எது என்று அறியாதவன் மருத்துவனாக முடியாது. நஞ்சைக் கற்றதனால் மருத்துவன் கொலைகாரன் ஆகிவிடுவதும் இல்லை. வேறுபாடு எங்கே பிறக்கிறது? நல்ல வகுப்பறையில் பிறக்கிறது. பல்கலைக்கழகத்தில் மாணவிக்கு உடைத்துப் பார்க்கக் கொடுப்பது, அதற்கென்றே தனியே அமைத்த, வெளியுலகோடு தொடர்பு அறுத்த கணிப்பொறியை. ஓட்டையைக் கண்டதும் எவருக்கு, எப்படி அறிவிப்பது என்பது பாடம். உரியவர் இசைவின்றி எதையும் தொடாதே என்பது முதற்பாடம். நேர்மையற்ற நோக்கோடு பிறர் கணிப்பொறியில் கைவைத்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்னும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் பாடம். ஆசிரியரும் இல்லாமல், அறமும் இல்லாமல், இருட்டறையில் தானே கற்றுக்கொள்ளும் இளைஞனைப் பற்றித்தான் ஊரார் அஞ்ச வேண்டும்.

ஆறு மாதம் போதுமா?

அடுத்து, வீடு தேடி வந்த சான்றிதழ் வியாபாரி. அவரைப் பற்றித் தோழருக்கு நான் சொன்னது: "மாட்டை விற்காதீர்கள்."

கருவியைப் பழக்க ஆறு மாதம் போதும். கலையைக் கற்க ஆறு மாதம் போதாது. கருவி இரண்டாண்டில் மாறிவிடும், கற்ற கலை மாறாது. காவலுக்குப் போகிறவன் எதையெல்லாம் அறிய வேண்டும்? நிரல் எழுதத் தெரிய வேண்டும். கணிப்பொறியின் இயக்க முறைமை நினைவகத்தை எப்படிப் பங்கிடுகிறது என்று தெரிய வேண்டும். ஒரு கணிப்பொறியிலிருந்து புறப்படும் செய்தி துண்டு துண்டாகப் பிரிந்து, வழி தேடி, மறுமுனையில் கூடுவது எவ்வாறு என்று தெரிய வேண்டும். எண்ணியலும் நிகழ்தகவும் தெரிய வேண்டும். சட்டம் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதன் ஏமாறும் விதம் தெரிய வேண்டும். ஏனென்றால் பூட்டை உடைக்க முடியாதவன் சாவி வைத்திருப்பவனைத்தான் ஏமாற்றுகிறான். நான்காண்டுப் படிப்பு என்பது இதற்காகத்தான்.

அந்தப் படிப்புக்கு வழி இருக்கிறதா? இருக்கிறது. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர 2007ஆம் ஆண்டுமுதல் மாநில நுழைவுத்தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். 2021இல் இயற்றிய சட்டத்தால் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. அப்படிச் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக அவ்வாண்டே அறிவிப்பு வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் பலவற்றில் இணையப் பாதுகாப்பைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பொறியியல் பட்டம் வந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் கணினித் தடயவியலிலும் தகவல் காப்பிலும் முதுகலைப் படிப்பு நடத்துகிறது. சிறப்புப் பட்டம் கிடைக்காவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. பொதுவான கணிப்பொறிப் பொறியியலை ஆழமாகக் கற்று, இறுதியாண்டிலும் முதுநிலையிலும் காவற்கலைக்குத் திரும்பியவர்களே உலகெங்கும் மிகுதி.

பணமில்லாதவர்க்கும் கதவு திறந்திருக்கிறது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003ஆம் ஆண்டு தொடங்கிய என்.பி.டெல். என்னும் திட்டத்தில் பேராசிரியர்களின் விரிவுரைகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இயக்க முறைமையின் உட்புறத்தை மாணவி பிரித்துப் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2018இல் உருப்பெற்ற 'சக்தி' நுண்செயலியின் வடிவமைப்பும் எவரும் காணத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. மொழியாசிரியர் கெர்க்காப்சின் விதி, தரமணிக்கும் கிண்டிக்கும் பக்கத்திலேயே செயல்படுகிறது!

குறைகளை மறைக்கலாமா?

வழி இருக்கிறது என்றேன். வழியெல்லாம் செப்பனிட்டு இருக்கிறது என்று சொல்லவில்லை. புகழ்ந்து எழுதுவது மட்டும் நம் வேலையன்று.

2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்துக்கு அலுவலகங்கள் வந்தன. அலுவலகங்களுக்குக் கணிப்பொறிகள் வந்தன. அவற்றைக் காக்கும் கலை, அந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டும் தொலைவில் வந்ததா? கணிப்பொறித் துறை நடத்தும் ஒவ்வோர் அரசுக் கல்லூரியிலும், உடைத்துப் பார்த்துக் கற்கத்தக்க தனி ஆய்வுக்கூடம் ஒன்று வேண்டும். பழைய கணிப்பொறிகள் பத்தே போதும். அதற்குக் கோடிகள் தேவையில்லை. இப்பாடத்தைக் கற்ற ஆசிரியர் தொழில் நிறுவனத்துக்குப் போனால் பெறும் ஊதியத்துக்கும், கௌரவ விரிவுரையாளராக நின்றால் பெறும் ஊதியத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. அந்த மடுவைத் தூர்க்காமல் பட்டங்களின் பெயரை மட்டும் மாற்றினால் பலகை மாறும், பாடம் மாறாது.

பதினோராம் வகுப்புக் கணிப்பொறி அறிவியல் பாடநூலில், கணிப்பொறி நன்னெறியும் இணையப் பாதுகாப்பும் பற்றித் தமிழிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நல்ல தொடக்கம். பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அந்தத் தமிழ் எங்கே போய்விடுகிறது? தமிழில் சிந்தித்துப் பழகிய பிள்ளை, முதலாண்டில் பாடத்தோடு போராடுகிறாளா, மொழியோடு போராடுகிறாளா என்று கேட்பாரில்லை. ஆங்கிலம் வேண்டும், கற்றே தீர வேண்டும். ஆனால் அடிப்படைக் கருத்துகளைத் தமிழில் விளக்கும் துணைநூல்கள் உடன் இருந்தால் அவள் இரண்டையும் வெல்வாள்.

நல்லெண்ணத்தோடு ஓட்டையைக் கண்டு அறிவிக்கும் மாணவருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தெளிவான தனிப் பாதுகாப்பு எழுதப்படவில்லை. "உங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது" என்று சொல்ல வந்தவனையே பிடித்துக் கட்டும் ஊரில், அடுத்த முறை எவன் வந்து சொல்வான்? இந்தத் திருத்தத்துக்காக நாம் குரல் கொடுக்க வேண்டும்.

வேலையைப் பற்றியும் ஒரு சொல். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் நடுவண் அரசின் வெளியுறவுத் துறை ஓர் எச்சரிக்கை விடுத்தது. கணிப்பொறி கற்ற இளைஞர்களைத் தாய்லாந்தில் வேலை என்று ஆசைகாட்டி அழைத்துச் சென்று, எல்லை கடத்தி மியான்மருக்குக் கொண்டுபோய், அடைத்துவைத்து, மற்றவர்களை ஏமாற்றும் வேலையில் ஈடுபடுத்துகிறார்கள் என்றது. அப்படிச் சிக்கியவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள். மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கியவர்கள் சொன்னதைக் கேட்டு நெஞ்சம் பதறியது. காவல் காக்கக் கற்றிருக்க வேண்டிய கையை, களவு செய்யக் கட்டிப்போட்டார்கள்! உள்ளூரில் படிப்பும் உழைப்புக்கேற்ற வேலையும் இருந்தால் அந்தப் பொய்யனின் வலை எப்படி விரியும்? மாவட்டத்து அரசு அலுவலகங்களும் கூட்டுறவு வங்கிகளும் சர்க்கரை ஆலைகளும் இத்துறை மாணவர்களுக்கு ஊதியத்தோடு பயிற்சியிடம் தரட்டும். அவர்களுக்குக் காவலர் கிடைப்பர். இவர்களுக்கு வாழ்வு கிடைக்கும்.

நம் கடமை

அரசு செய்யட்டும் என்று சொல்லிவிட்டு நாம் கைகட்டி நிற்பது அழகன்று. நம் ஊர்களிலே படிப்பகங்கள் இருக்கின்றன. செய்தித்தாளைக் கூட்டமாக அமர்ந்து உரக்கப் படித்து, எழுத்தறியாதவனையும் நாட்டு நடப்பு அறிந்தவனாக்கிய இடங்கள் அவை. அந்தப் படிப்பகத்தில் இன்று ஒரு கணிப்பொறி இருக்கட்டும். கலந்தாய்வுக் காலத்தில், எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்தச் சலுகை என்று எடுத்துச் சொல்ல, விவரம் அறிந்த தோழர் ஒருவர் அங்கே அமரட்டும். விடுமுறைக்கு வரும் கல்லூரி மாணவர்கள், ஞாயிறுதோறும் ஊர் முதியவர்களுக்குச் சொல்லித்தரட்டும்: ஓ.டி.பி. எண்ணை எவன் கேட்டாலும் சொல்லாதே. எந்தப் போலீசும் தொலைபேசி வழியே கைது செய்யாது. பணம் போய்விட்டால் அழுதுகொண்டிராமல் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குச் சொல். இதுவும் காவற்கலைதான். பல்கலைக்கழகம் கற்பிப்பது பெரிய கோட்டைக்கு. படிப்பகம் கற்பிப்பது குடிசைக்கு.

அன்று தியாகதுருகத்துப் பாறைமேல் கோட்டை எழுப்பியவர்கள் ஆண்டவர்களையும் அவர்களின் கருவூலத்தையும் காக்க எழுப்பினார்கள். மேலே எவன் கொடி பறந்தாலும் கீழே இருந்த உழவன், முற்றுகை வந்தபோதெல்லாம் வயலை இழந்து நின்றான். இன்று எழுப்ப வேண்டிய கோட்டை, அந்த உழவனின் கரும்புப் பணத்தையும், மூதாட்டியின் உதவித்தொகையையும், மாணவியின் மதிப்பெண்ணையும் காக்கும் கோட்டை. அதன் காவலர்கள் வசதி படைத்த சில வீடுகளிலிருந்து மட்டும் வந்தால், சாவி அந்தச் சில வீடுகளிலேயே தங்கிவிடும். எல்லா ஊரிலிருந்தும், எல்லாத் தெருவிலிருந்தும் காவலர்கள் வர வேண்டும்.

ஆகவே தோழரிடம் சொன்னேன்: "மாட்டை விற்க வேண்டாம். மகளைக் கலந்தாய்வுக்கு அழைத்துப் போங்கள். 'பூட்டை உடைக்கும் படிப்பு' என்று எவராவது சொன்னால், 'ஆமாம், நம் வீட்டுப் பூட்டு உடையுமா உடையாதா என்று முன்கூட்டியே சோதித்துச் சொல்லும் படிப்பு' என்று சொல்லுங்கள்."

அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாயிற்படியில் நின்று, "அவள் கேட்டது இதுதான் அண்ணே! எனக்குத்தான் விளங்கவில்லை" என்றார்.

அவருக்கு விளங்கிவிட்டது. விளங்காத தந்தையர் நம் ஊர்களில் இன்னும் எத்தனையோ பேர், தோழர்களே! கலந்தாய்வு தொடங்குமுன் அவர்களின் வீட்டு வாயிலில் போய் நில்லுங்கள்.